பொம்மைக்கு வண்ணம், அயலாருக்கு நல்ல காற்று

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசையின் நுட்பம் பேசுவோர் உண்டு. எங்களுக்கோ ஒரு மேசையைப் பற்றிப் பேசும் பணி கிடைத்திருக்கிறது. நாங்கள் ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பிழைப்பவர்கள். படிப்பு பள்ளியிறுதித் தேர்வோடு நின்றுவிட்டது. பொறியியல் கற்ற அறிஞர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில் காற்றின் கணக்கைப் பேச முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதே. எனினும், நெருப்பின் இயல்பைச் சூடுபட்ட கையும் ஒருவாறு அறியும் அன்றோ? அந்தத் துணிவிலேயே பேச வந்திருக்கிறோம்.

மற்றொன்றும் முதலிலேயே கூறிவிட வேண்டும். இவ்வுரையில் "நாங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் இல்லத்தார் நால்வரையும் சேர்த்தே சொல்கிறோம். பலகை அறுத்தவர் ஒருவர். அளவு பிடித்தவர் ஒருவர். வண்ணம் கலந்தவர் ஒருவர். "இது சரிப்படாது" என்று ஒவ்வொரு நாளும் எச்சரித்தவர் ஒருவர். பிழையும் நால்வருடையது, திருத்தமும் நால்வருடையது.

பொம்மைகள் வந்த கதை

வினய் நகர் என்று பெயர் பெற்று, பின்னர் கவியரசி சரோஜினி நாயுடுவின் பெயரால் சரோஜினி நகர் என வழங்கலாகிய இக்காலனியில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஊரிலிருந்து புறப்பட்டபோது நம் முன்னோர் கொண்டுவந்த பொருள்கள் சிலவே. பித்தளைப் பாத்திரம் சில, அம்மிக்கல் ஒன்று, கொலுப்பொம்மைப் பெட்டி ஒன்று. எங்கள் வீட்டுப் பொம்மைகளும் அவ்வாறே பழைய வேட்டிகளில் சுற்றப்பட்டு, வைக்கோல் நடுவே படுத்து, கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் இரண்டு இரவு பயணம் செய்து வந்தவை. மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்தவை சில; காஞ்சிபுரத்திலும் பண்ணுருட்டியிலும் பிறந்தவை சில. சுட்ட மண்ணால் ஆனவை உண்டு. காகிதக் கூழால் ஆனவையும் உண்டு.

ஊரின் மிதமான தட்பவெப்பத்தில் உருவான அப்பொம்மைகளுக்கு டில்லி ஒத்துக்கொள்ளவில்லை. மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தொடுகிறது; சனவரியில் 5 பாகைக்கும் கீழே இறங்குகிறது; நடுவே மழைக்காலத்து ஈரம் வேறு. பொம்மையின் உடல் ஒரு விதமாக விரிகிறது. மேலே உள்ள வண்ணப் படலம் வேறு விதமாக விரிகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு இழுபட்டால் படலம் செதிலாகப் பெயர்ந்துவிடுகிறது. எங்கள் மீனாட்சி அம்மைக்குப் பச்சைப் புடவை பாதி உதிர்ந்து போயிற்று. செட்டியாருக்கு மீசை ஒருபுறம் மட்டுமே எஞ்சியது.

"தூரிகையால் பூசிவிடலாமே" என்று கேட்பீர்கள். பூசிப் பார்த்தோம். காகிதக் கூழ்ப் பொம்மை தூரிகையின் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகிறது. பூசப் பூசப் படலம் தடித்து, கைவினைஞர் நகத்தாலும் மூங்கில் ஈர்க்காலும் வரைந்த கண்ணிமையும் மடிப்பும் மறைந்துபோகின்றன. மெல்லிய துளிகளாகத் தெளித்தால் இவ்விரண்டு குறையும் இல்லை. ஆகவே தெளிப்பானை நாடினோம். எங்கள் தொல்லைகளும் அன்றே தொடங்கின.

தொண்டைக்கு மருந்தும் பொம்மைக்கு வண்ணமும்

வண்ணத் தெளிப்பானின் பிறப்பு வரலாறு வியப்பானது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டொலிடோ என்னும் நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் இருந்தார். காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கு மருத்துவம் செய்தவர். நோயாளியின் தொண்டைக்குள் மருந்தை நேராகச் செலுத்தும் பொருட்டு, 1880களின் பிற்பகுதியில், ரப்பர்க் குமிழை அழுத்தினால் மருந்து நுண்துளிகளாகப் பறக்கும் கருவியொன்றைச் செய்தார். அவருடைய மகன் தாமஸ் பின்னாளில் அதே தத்துவத்தைக் கொண்டு வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். நாற்காலிகளும் மோட்டார் வண்டிகளும் பளபளக்கத் தொடங்கின. 1949ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து எட்வர்ட் சீமோர் என்பவர், விரலால் அழுத்தினாலே வண்ணம் பீறிடும் தகரக் குப்பியைச் செய்தார். அந்த எண்ணத்தைத் தந்தவர் அவருடைய மனைவியார் என்பர்.

இவ்வரலாற்றில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. தொண்டைக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் எளிதாகச் செல்லவேண்டும் என்பதற்காகவே மருந்து நுண்துளியாக்கப்பட்டது. அதே முறையில் வண்ணத்தைத் துளியாக்கினால் அது மட்டும் நெஞ்சுக்குள் செல்லாது நிற்குமா? துளிக்கு மருந்து என்றும் நஞ்சு என்றும் வேற்றுமை தெரியாது. மூச்சு போகும் வழியில் அதுவும் போகும்.

இப்பாடத்தைப் படித்து அறிந்தோமில்லை, பட்டே அறிந்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன், நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கடையில் வாங்கிய தகரக் குப்பி வண்ணத்தைப் பின்தாழ்வாரத்தில் வைத்துத் தெளித்தோம். அரைமணிக்குள் மகளுக்குத் தலைவலி, மகனுக்கு இருமல். வாசனை இரண்டு நாள் வீட்டை விட்டு அகலவில்லை. காற்று வேண்டும் என்று மேசை விசிறியைக் கொண்டுவந்து பொம்மையின் பக்கம் திருப்பினோம். விசிறி ஊதுமேயன்றி இழுக்காது. ஊதிய காற்று பொம்மையின்மேல் படவேண்டிய வண்ணத்தையும் சேர்த்து வீடெங்கும் பரப்பிற்று. சமையலறைக் குடத்தின் மூடியில் செந்நிறப் பொடி படிந்திருந்ததைக் கண்டபோது, "எச்சரித்தவர்" எங்களைப் பார்த்த பார்வையை இன்றும் மறந்தோமில்லை.

பணிமனையில் கற்ற பாடம்

அதன்பின் அலுவல் நிமித்தம் எங்கள் துறையின் பணிமனை ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. ஆங்கே வண்ணம் தெளிக்கும் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். அவ்வளவு வண்ணம் பறந்தும் தெளிப்பவரைச் சுற்றி மூடுபனி இல்லை. மேலிருந்து வந்த காற்று துளிகளையெல்லாம் கீழே இழுத்துக்கொண்டு தரைச் சல்லடையில் மறைந்தது. அங்கிருந்த மூத்த தொழிலாளர் எங்கள் வியப்பைக் கண்டு ஒரே வாக்கியத்தில் தத்துவத்தைச் சொன்னார்: "காற்று முதலில் ஆளைத் தொடவேண்டும், பிறகு பொருளைத் தொடவேண்டும், கடைசியில் வடிகட்டியைத் தொடவேண்டும். இந்த வரிசை மாறினால் ஆள் நோயாளி."

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 14ஆம் பிரிவில் இக்கருத்தையே வற்புறுத்தியது. தூசும் ஆவியும் எழும் இடத்திற்கு இயன்ற அளவு அருகிலேயே அவற்றை இழுத்து அகற்றும் கருவி வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலையில் உழைப்பவரைக் காக்கச் சட்டம் இருந்தது. வீட்டின் பின்தாழ்வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வண்ணம் தெளிப்பவரை யார் காப்பது? அவரே காத்துக்கொள்ள வேண்டும். அன்றே மேசை செய்வதென முடிவு செய்தோம்.

மேசையின் அமைப்பு

பிள்ளைகள் படித்துக் கழித்த மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் பிளைவுட் பலகையால் முன்புறம் திறந்த பெட்டி ஒன்றை அமைத்தோம். திறப்பின் அகலம் 2 அடி; உயரம் ஒன்றரை அடி; உள்ளாழம் 2 அடி. பெட்டியின் கூரை முன்னிருந்து பின்னோக்கிச் சற்றே சரிந்திருக்கும். மூலைகளில் காற்று தேங்கிச் சுழலாதிருப்பதற்கு அது உதவும். பின்புறத்தில் வடிகட்டி; அதற்கும் பின்னால் 5 அங்குல வெற்றிடம்; அதன் பின் இழுக்கும் கருவி. அந்த வெற்றிடத்தை வீண் என்று எண்ணவேண்டா. அது இல்லையேல் விசிறிக்கு நேர் எதிரே உள்ள இடம் மட்டும் இழுக்கும், ஓரங்கள் உறங்கும். வெற்றிடம் இருந்தால் இழுவிசை வடிகட்டி முழுவதும் சமமாகப் பரவும்.

இனிக் கணக்கு. திறப்பின் பரப்பு 3 சதுர அடி. அதன் வழியே காற்று நிமிடத்திற்கு 100 அடி வேகத்தில் உட்புக வேண்டும் என்பது தெளிப்பறை அமைப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு. அஃது ஒரு சிறு குழந்தை தத்தி நடக்கும் வேகம். அதற்குமேல் அதிகம் வேண்டியதில்லை. மூன்றை நூறால் பெருக்கினால் நிமிடத்திற்கு 300 கன அடி. மெட்ரிக் அளவில் மணிக்கு ஏறத்தாழ 510 கன மீட்டர். ஆனால் கருவியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவு எதிர்ப்பில்லாத நிலையில் கண்ட அளவு. வடிகட்டியும் குழாயும் வளைவும் சேரும்போது அது வெகுவாகக் குறையும். ஆகவே இரு மடங்கு ஆற்றல் உள்ள கருவியைத் தேடினோம்.

சுவரில் பொருத்தும் சாதாரண எக்ஸாஸ்ட் விசிறி திறந்த வெளியில் நன்றாக இழுக்கும். வடிகட்டியை எதிரே வைத்தால் திணறும். உருளை போன்ற சக்கரத்தைக் கொண்ட ஊதி அவ்வளவு எளிதில் சோர்வதில்லை. இந்நாளில் டில்லியில் பல வீடுகளில் சமையலறைச் சிம்னி உண்டு. புதியது வாங்குவோர் பழையதைக் கபாடிவாலாவிடம் போடுகின்றனர். மணிக்கு 1,000 கன மீட்டர் என்று எழுதியிருந்த பழைய சிம்னி ஒன்று எங்களுக்கு 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. பலகை, குழாய், விளக்கு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் மேசை முடிந்தது.

பொம்மையை வைக்கப் பழைய பால்பேரிங் ஒன்றின்மேல் வட்டப்பலகை பொருத்தினோம். இது வெறும் வசதி அன்று. பொம்மை சுழன்றால் தெளிப்பவர் கை எப்போதும் வடிகட்டியை நோக்கியே இருக்கும். பொம்மை அசையாது நின்றால் தெளிப்பவர் சுற்றி வந்து, தம் முகத்தை நோக்கியே தெளிக்க நேரும். விளக்கைப் பெட்டிக்கு வெளியே, கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் வைத்தோம்.

காற்று சரியாகச் செல்கிறதா என்று அறிய விலை உயர்ந்த கருவி வேண்டுமோ? வேண்டா. பூசையறை ஊதுவத்தி போதும். வண்ணத்தை எடுக்குமுன், விசிறியை ஓடவிட்டு, ஊதுவத்தியைத் திறப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். புகை ஐந்து இடத்திலும் தயங்காமல் உள்ளே சென்றால் சரி. ஒரு மூலையில் புகை சுருண்டு வெளியே திரும்பினால் அந்த மூலையில் குறை உள்ளது. சோதனை முடிந்ததும் ஊதுவத்தியை நன்றாக அணைத்துவிட வேண்டும்.

நிமிடத்திற்கு 300 கன அடி காற்றை வெளியேற்றினால், பத்தடி நீள அகல உயரமுள்ள அறையின் காற்று முழுவதும் மூன்றரை நிமிடத்திற்குள் மாறிவிடும். அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும் அன்றோ? எதிர்ப்புறத்துக் கதவையோ சாளரத்தையோ திறந்து வைக்காவிட்டால் விசிறி வெறுமனே இரையும். மேலும், குளியலறையில் கேஸ் கீசர் இருக்கும் வீடுகளில் அதன் நச்சுப் புகையே வீட்டுக்குள் இழுபடும் அபாயம் உண்டு. மேசை ஓடும்போது கீசரும் அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

பச்சை மழை

மேசை முடிந்தது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் வாங்கினோம். கைக்கு அடக்கமான தெளிப்பானும் சிறு கம்பிரசரும் வாங்கினோம். மீனாட்சி அம்மைக்குப் பச்சைப் புடவை உடுத்தினோம். வீட்டில் வாசனை இல்லை, இருமல் இல்லை, குடத்து மூடி தூய்மையாக இருந்தது. எங்கள் பெருமைக்கு அளவே இல்லை.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டு மூதாட்டியார் வந்தார். பஞ்சாபைச் சேர்ந்தவர். நாங்கள் மாதாஜி என்றழைப்போம். அவர் எங்களைப் பேட்டா என்பார். கையில் வெள்ளைத் துப்பட்டா ஒன்று. அதை எங்கள் முன் விரித்தார். அதன் ஒரு பாதி முழுவதும் பசும்புள்ளிகள்.

"பேட்டா, வானத்திலிருந்து பச்சை மழை பெய்ததோ?" என்று கேட்டார்.

கோபம் இல்லை. குரல் உயரவில்லை. எங்களுக்கோ நா எழவில்லை. எங்கள் குழாயின் வாய் பின்சந்தைப் பார்த்திருந்தது. பத்தடிக்கு அப்பால் அவருடைய துணிக்கொடி இருந்தது. அதற்கும் அப்பால் அவருடைய பேரன் உறங்கும் அறையின் சாளரம் இருந்தது. அச்சிறுவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர்காலம் வந்தால் அவன் கையில் எப்போதும் மூச்சுமருந்துக் குப்பி இருக்கும். அந்த டொலிடோ மருத்துவரின் கருவிக்கு அதுவும் ஒருவகையில் உறவுதான். அவனுடைய மருந்து சென்று சேரவேண்டிய நெஞ்சுக்கு நாங்கள் வண்ணத்தை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. புகை எங்களை விட்டுப் போயிற்று என்று மகிழ்ந்தோமேயன்றி, அது எங்கே போயிற்று என்று ஒரு கணமும் எண்ணிப் பார்த்தோமா? இல்லை. சிம்னியில் இருந்த உலோகத் தகடு எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் வடிகட்டி. வண்ணத் துளிக்கு அது திறந்த கதவு. நாங்கள் குறையை நீக்கவில்லை, இடம் மாற்றினோம். தன் வீட்டுக் குப்பையைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டு வீடு தூய்மை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

வெள்ளை வேட்டிச் சோதனை

மறுநாளே மேசையைப் பிரித்தோம். ஏ.சி. கருவிகளுக்கென விற்கும் நார்ப்பஞ்சில் இரண்டு வகை வாங்கினோம். முதலில் துளிகளை எதிர்கொள்வது பருமனான பஞ்சு. பெருந்துளிகளை அது ஏற்கும். அதன் பின்னால் கம்பளிபோல் நெருக்கமான பஞ்சு. தப்பிய நுண்துளிகளை இது பிடிக்கும். வரிசையை மாற்றினால் நெருக்கமான பஞ்சு ஒரே நாளில் அடைபட்டுவிடும். குழாயின் வாயை உயர்த்தி, சாளரங்களுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பினோம். குழாயை நாலடிக்கு மேல் நீட்டாமல், ஒரே வளைவோடு நிறுத்தினோம். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைக் குறைக்கும்.

பிறகு சோதனை. குழாயின் வாய்க்கு எதிரே ஈரமான வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் தெளித்தோம். பருமனான பஞ்சு மட்டும் இருந்தபோது வேட்டியில் மெல்லிய பச்சைச் சாயல் தெரிந்தது. இரண்டாவது பஞ்சையும் வைத்துத் தெளித்தபோது வேட்டி வெள்ளையாகவே இருந்தது. அதை நாங்களே பார்த்து நிறைவுகொள்ளாமல் மாதாஜியை அழைத்துக் காட்டினோம். அவர் வேட்டியை வெயிலில் பிடித்து இருபுறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமேல் தெளிக்கும் நாளை முதலில் சொல்லிவிடு, துணியை உள்ளே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். முழு நம்பிக்கை இன்னும் வரவில்லை என்பதை அச்சொல் காட்டியது. அது நியாயமே. அன்றுமுதல் தெளிக்கும் நாளை முந்தின மாலையே சென்று சொல்லிவருகிறோம்.

வேட்டிச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது துளியைக் காட்டும், ஆவியைக் காட்டாது. பஞ்சு எத்தனை அடுக்கு வைத்தாலும் தின்னரின் ஆவி அதன் வழியே நுழைந்து போய்விடும். முகத்தில் அணியும் என்-95 முகமூடியின் கதையும் இதுவே: துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தகரக் குப்பி வண்ணத்தையும் தின்னர் கலந்த வண்ணத்தையும் எங்கள் மேசையில் அறவே விலக்கியதற்கு இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் நெருப்பு. மிக்ஸி ஓடும்போது அதன் அடியில் துளைகளின் வழியே நீலப் பொறி தெறிப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வகை மோட்டாரே தூசு உறிஞ்சும் கருவியிலும் முடி உலர்த்தும் கருவியிலும் உள்ளது. தின்னரின் ஆவி அப்பொறியைச் சந்தித்தால் மேசை வெடிக்கும். சிம்னி மோட்டாரில் அவ்வகைப் பொறி பொதுவாக இல்லை என்றாலும், அதுவும் எரியும் ஆவிக்கென்று அமைக்கப்பட்டதன்று. சுவிட்சிலும் பொறி உண்டு. ஆகவே இம்மேசை நீர் வண்ணத்திற்கு மட்டுமே. மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் இருகலவை வண்ணங்களை வீட்டில் எந்த மேசையிலும் தெளிக்கலாகாது. அவற்றின் கெட்டியாக்கும் கலவையில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள், நலமாக உள்ளவருக்கும் மூச்சிரைப்பை உண்டாக்கவல்லது. வண்ணம் பூசும் தொழில் புற்றுநோய்க்கு இடமளிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. நாள்தோறும் செய்வோர்க்குச் சொன்னது அது. ஆண்டுக்குச் சில நாள் செய்வோர்க்கும் அதில் எச்சரிக்கை உண்டு.

பழைய வண்ணத்தைச் சுரண்டவேண்டா

தாய்மார்களுக்கு ஒன்றைத் தனியே சொல்ல விரும்புகிறோம். பழைய பொம்மையின் செவ்வண்ணத்தில் ஈயச் சிந்தூரமும், மஞ்சளில் ஈயக் குரோமேட்டும் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று இந்திய அரசு 2016ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நம் பாட்டிமார் வாங்கிய பொம்மைகளுக்கு இவ்விதி தெரியாது. ஈயத்திற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது தாக்குகிறது.

ஆகவே உலர்ந்த உப்புத்தாள் கொண்டு பொம்மையைத் தேய்த்தல் கூடாது. சுரண்டுதலும் கூடாது. ஈரத்தைப் பிழிந்தெடுத்த துணியால் மெல்ல ஒற்றித் தளர்ந்த செதில்களை அகற்றி, அத்துணியைப் பொதிந்து கட்டி அப்புறப்படுத்த வேண்டும். காகிதக் கூழ்ப் பொம்மைக்கும் சுடாத மண் பொம்மைக்கும் ஈரம் மிகச் சிறிதளவே ஆகும். எஞ்சிய பழைய வண்ணத்தின்மேல் அடிப்பூச்சைத் தெளித்து மூடிவிடுதலே நலம். பிள்ளைகள் அப்போது அருகில் இருத்தல் வேண்டா.

தெளிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காற்றழுத்தத்தை 20 பவுண்டு அளவில் வைத்தால் எங்கள் தெளிப்பானுக்குப் போதுமானதாயிருக்கிறது. அழுத்தம் மிகுந்தால் பொம்மையில் படிவதைவிடப் பறப்பதே அதிகம். பொம்மைக்கும் தெளிப்பானுக்கும் இடையே ஐந்தாறு அங்குலம் இருக்கட்டும். தெளிப்பைப் பொம்மைக்கு வெளியே தொடங்கி, வெளியே முடிக்க வேண்டும். ஒரே முறையில் நிறைவாகத் தெளிக்க ஆசைப்படாமல் மெல்லிய பூச்சாக மூன்று முறை தெளிக்க வேண்டும். ஆகஸ்டு மாதத்து ஈரத்தில் ஒரு பூச்சு உலர அரைமணிக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டால் வண்ணம் வழியும். தெளித்து முடித்தபின் மேலும் பத்து நிமிடம் விசிறி ஓடட்டும். ஊதுவத்திப் புகை தயங்கத் தொடங்கினால் பஞ்சை மாற்றும் நாள் வந்துவிட்டது என்று பொருள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! இக்காலனியின் பழைய குடியிருப்புகள் மறைந்து அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும் காலம் இது. பின்முற்றமும் தாழ்வாரமும் அருகி வருகின்றன. ஒருவர் சாளரத்திற்கும் மற்றவர் சாளரத்திற்கும் இடைவெளி குறைகிறது. குளிர்காலத்தில் இந்நகரின் காற்று எந்நிலை அடைகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்போது எல்லாரும் யாரையேனும் குறை கூறுகிறோம். வயலில் வைக்கோல் எரிப்பவரைக் கூறுகிறோம். வண்டி ஓட்டுபவரைக் கூறுகிறோம். எங்கள் வீட்டுக் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் ஒரு துப்பட்டா வந்து சொல்லும்வரை நாங்கள் பார்த்தோமில்லை.

ஒரு மேசையால் டில்லியின் காற்று திருந்திவிடாது. ஆனால் பத்தடிக்கு அப்பால் உறங்கும் ஒரு சிறுவனுக்கு அந்த மேசை ஒரு பொருட்டே.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு மேசை செய்யவேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே தகரக் குப்பி வாங்கித் தத்தம் தாழ்வாரத்தில் தெளிக்கவும் வேண்டா. எங்கள் மேசையைச் சங்கத்தார் பொதுவில் பயன்படுத்திக்கொள்ள மனமார ஒப்படைக்கிறோம். ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைகளைக் கொண்டுவாருங்கள். செட்டியாருக்கு மீசை வைத்துத் தருவோம். அம்மைக்குப் புடவை உடுத்தித் தருவோம். பஞ்சுக்கும் வண்ணத்திற்கும் ஆகும் செலவைப் பகிர்ந்துகொண்டால் போதும்.

கடந்த நவராத்திரியில் மாதாஜி பேரனுடன் எங்கள் கொலுவைப் பார்க்க வந்தார். சிறுவன் படிகளையெல்லாம் எண்ணிவிட்டு, மீனாட்சி அம்மையின் முன் நின்று, "தாதி, இந்தப் பச்சைதானே உன் துப்பட்டாவில் விழுந்தது?" என்று கேட்டான். மாதாஜி சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சுண்டல் கொடுத்தோம். துப்பட்டாவின் புள்ளிகள் மட்டும் இன்னும் போகவில்லை; நல்ல வண்ணம் அது!



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.